நாவலர் இரா. நெடுஞ்செழியன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவர் யார்? ஒரு பத்தியில் சொல்ல முடியுமா?

திமுகவைத் தொடங்கிய ஐந்து தலைவர்களில் ஒருவர். பின்னாளில் அதிமுகவிலும் முன்வரிசைத் தலைவர். அண்ணா, கருணாநிதி, எம்ஜிஆர், ஜெயலலிதா என்று நான்கு முதல்வர்களின் அமைச்சரவையில் இருந்தவர். அண்ணா மறைந்தபோதும் எம்ஜிஆர் மறைந்தபோதும் தற்காலிக முதல்வராகப் பொறுப்பேற்றவர். இரண்டு தடவையையும் கூட்டினால் மூன்று வாரம்தான் வரும். முழு முதல்வராக ஒருநாளும் இருந்ததில்லை. அந்தப் பதவிக்கு அத்தனை அருகில் அத்தனை காலம் உட்கார்ந்திருந்த இன்னொருவரைத் தமிழக அரசியலில் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

எந்த ஊர்க்காரர்? நெடுஞ்செழியன் என்பது பெற்றோர் வைத்த பெயரா?

1920 ஜூலை 11 அன்று திருக்கண்ணபுரத்தில் பிறந்தார். அப்போது அது தஞ்சை மாவட்டம், இப்போது நாகப்பட்டினம் பக்கம். வீட்டில் வைத்த பெயர் நாராயணசாமி. தனித்தமிழ் ஆர்வத்தில் நெடுஞ்செழியன் ஆனார். அந்தத் தலைமுறையில் இது சகஜம். ராமையா அன்பழகன் ஆனதும் அதே காற்றில்தான். பெருமாள் கோயிலுக்குப் பேர்போன ஊரில் பிறந்த நாராயணசாமி பகுத்தறிவு மேடைக்குப் போனதை அந்தக் காலத்து ஊர்ப் பெரியவர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

அரசியலுக்கு எப்படி வந்தார்?

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வழியாக. அங்கே தமிழில் எம்.ஏ. படித்தார். க. அன்பழகனும் அதே காலத்து மாணவர். 1940களில் திராவிட இயக்கத்துக்குப் பேச்சாளர்களைத் தயாரித்துக் கொடுத்த பட்டறை என்றே அந்தப் பல்கலைக்கழகத்தைச் சொல்லலாம். நீதிக்கட்சி 1944இல் சேலம் மாநாட்டில் திராவிடர் கழகமாக மாறிய சமயத்தில் பெரியாரின் இயக்கத்துக்கு வந்தார். ஊர் ஊராகக் கூட்டம், அப்புறம் ‘மன்றம்’ என்ற இதழ். ‘நாவலர்’ பட்டம் மேடையில் ஒட்டிக்கொண்டது. கடைசிவரை உரியவில்லை.

திமுக தொடக்கத்தில் அவர் பங்கு என்ன?

பெரியார் 1949இல் மணியம்மையை மணந்ததை ஒட்டித் திராவிடர் கழகம் பிளந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 17 அன்று சென்னையில் திமுக பிறந்தது. அண்ணா, நெடுஞ்செழியன், ஈ.வெ.கி. சம்பத், கே.ஏ. மதியழகன், என்.வி. நடராசன் ஆகியோரை ஐம்பெரும் தலைவர்கள் என்பார்கள். 1953இல் மும்முனைப் போராட்டம் (ராஜாஜியின் கல்வித் திட்டம், டால்மியாபுரம் என்ற ஊர்ப்பெயர், நேருவின் பேச்சு மூன்றையும் எதிர்த்து) நடந்தபோது இந்த ஐந்து பேர் மீதும் வழக்குப் போட்டார்கள். ஐவர் வழக்கு என்று அதற்கே தனிப் பெயர்.

அந்த ஐவர் பட்டியலில் கருணாநிதி பெயர் கிடையாது. பின்னால் வரும் 1969 கதையைப் புரிந்துகொள்ள இது முக்கியம். கட்சி மூப்பில் நெடுஞ்செழியன் முந்தியவர். அதை அவரும் மறக்கவில்லை, கருணாநிதியும் மறக்கவில்லை.

அண்ணா இருக்கும்போதே கட்சிக்குத் தலைமை தாங்கினாரா?

ஆமாம். திமுகவில் தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாக வைத்திருந்தார்கள். அதனால் பொதுச்செயலாளர்தான் உண்மையான தலைமை. 1956 திருச்சி மாநாட்டுச் சமயத்தில் அந்தப் பொறுப்பை அண்ணா நெடுஞ்செழியனிடம் கொடுத்தார். “தம்பி வா, தலைமை ஏற்க வா” என்று அழைத்ததாகத்தான் கட்சிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். தேர்தலில் நிற்கலாம் என்று திமுக முடிவெடுத்ததும் அதே மாநாட்டில்தான். அடுத்த ஆண்டு கட்சி தன் முதல் தேர்தலைச் சந்தித்து 15 இடங்களைப் பிடித்தபோது பொதுச்செயலாளர் இவர்தான். 1960இல் பொறுப்பு மறுபடி அண்ணாவிடம் போனது.

பொறுப்பு கைமாறினாலும் கூட்டம் அண்ணாவுக்காகத்தான் கூடியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அண்ணா கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவர் என்பது வேறு, அண்ணாவின் வாரிசு என்பது வேறு. அந்த வித்தியாசம் அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்தாரா?

1962 தேர்தலில் திமுக 50 இடங்களில் வென்றது. ஆனால் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்று மாநிலங்களவைக்குப் போய்விட்டார். திருவல்லிக்கேணியில் வென்ற நெடுஞ்செழியன் 1967 வரை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர். துணைத் தலைவர் கருணாநிதி. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலத்தையே உலுக்கியது இந்தக் காலத்தில்தான். போராட்டத்தின் உயிர் மாணவர்களிடம் இருந்தது, சட்டமன்றத்தில் இல்லை.

கல்வி அமைச்சராக என்ன செய்தார்?

1967 மார்ச்சில் அமைந்த அண்ணா அமைச்சரவையில் அவருக்குக் கல்வி. அண்ணாவுக்கு அடுத்த இடம். அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்தவை இன்றுவரை தமிழ்நாட்டு அரசியலின் அடித்தளம்: 1967 ஜூலை 18 அன்று தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் தீர்மானம், 1968 ஜனவரியில் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு, அதே மாதம் 23 அன்று தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற இருமொழிக் கொள்கைத் தீர்மானம். கடைசியாகச் சொன்னதைப் பள்ளிக்கூடங்களில் நடைமுறைப்படுத்த வேண்டியது கல்வித் துறை. அதாவது நெடுஞ்செழியனின் துறை. கொள்கை அண்ணாவுடையது, முழுப் பெருமையையும் இவருக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனால் இன்றைக்கு மூன்றாவது மொழி பற்றி டெல்லியோடு சண்டை வரும்போதெல்லாம் அதை முதலில் பள்ளியில் நடத்திக் காட்டிய அமைச்சர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

1969இல் ஏன் அவர் முதல்வர் ஆகவில்லை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் கொஞ்சம் நீளம்.

1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா இறந்தார். அமைச்சரவையில் அடுத்த இடத்தில் இருந்தவர் என்ற முறையில் ஆளுநர் உஜ்ஜல் சிங் நெடுஞ்செழியனுக்குத் தற்காலிக முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அதுவே முடிவு போலத் தெரிந்தது. மூத்தவர், படித்தவர், முன்னாள் பொதுச்செயலாளர், முன்னாள் எதிர்க்கட்சித் தலைவர். வேறென்ன வேண்டும்?

வேண்டியது சட்டமன்ற உறுப்பினர்களின் கை. அது கருணாநிதியிடம் இருந்தது. 1957 குளித்தலையில் தொடங்கித் தொடர்ந்து வென்று வந்தவர். 1967 தேர்தலுக்குப் பத்து லட்சம் நிதி என்று கட்சி இலக்கு வைத்தபோது பதினொரு லட்சம் திரட்டிக் கொடுத்தவர். முரசொலி பத்திரிகை அவர் கையில். மாவட்டச் செயலாளர்களை, கிளைக்கழகத்துக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர். எல்லாவற்றுக்கும் மேலே, எம்ஜிஆர் அவர் பக்கம் நின்றார். சினிமாவில் உச்சத்தில் இருந்த ஒரு நட்சத்திரம் ஒரு பக்கம் சாய்ந்தால் எம்எல்ஏக்கள் எந்தப் பக்கம் பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நெடுஞ்செழியனுக்கென்று ஒரு மாவட்டம் கிடையாது, அவரை நம்பி இருக்கும் ஒரு கோஷ்டி கிடையாது, பணம் திரட்டும் கை கிடையாது. வரிசைப்படி தனக்கு வரும் என்று நம்பினார். என் பார்வையில் அவர் வாழ்க்கையின் மையமே இந்த நம்பிக்கைதான். திராவிடக் கட்சிகளில் மூப்புக்கு மேடையில் முன்வரிசை நாற்காலி உறுதி, ஆட்சி உறுதி இல்லை.

பிப்ரவரி 10 அன்று கருணாநிதி முதல்வரானார். நெடுஞ்செழியன் அந்த அமைச்சரவையில் சேரவில்லை.

ஆனால் பிறகு கருணாநிதி அமைச்சரவையில் இருந்தாரே?

இருந்தார். கட்சி உடையாமல் இருக்க ஒரு சமரசம் நடந்தது. பெரியாருக்கென்று காலியாக வைத்திருந்த தலைவர் பதவியை 1969 ஜூலையில் கருணாநிதி ஏற்றார், நெடுஞ்செழியன் பொதுச்செயலாளர். அப்புறம் அமைச்சரவைக்கும் வந்து மறுபடி கல்வித் துறையைப் பார்த்தார். காகிதத்தில் பார்த்தால் நியாயமான பங்கீடு. நடைமுறையில், தலைவர் என்று ஒருவர் வந்துவிட்ட கட்சியில் பொதுச்செயலாளர் பதவியின் கனம் பழையபடி இல்லை.

எம்ஜிஆர் நீக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டா?

1972 அக்டோபரில் எம்ஜிஆரைத் திமுக முதலில் இடைநீக்கம் செய்து, பிறகு கட்சியிலிருந்தே நீக்கியது. அப்போது பொதுச்செயலாளர் நெடுஞ்செழியன்தான். கட்சியின் அதிகாரபூர்வத் தரப்பில் அவர் இருந்தார் என்பதில் சந்தேகமே இல்லை. ஐந்து ஆண்டு கழித்து அதே எம்ஜிஆரின் கட்சிக்கே போனார். எம்ஜிஆர் அதை மனதில் வைத்துப் பழிவாங்கவில்லை. 1969இல் இவருக்கு வர வேண்டிய பதவியைத் தடுத்ததில் தனக்கும் பங்கு உண்டு என்பது எம்ஜிஆருக்குத் தெரியாதா என்ன. கணக்கு நேராகிவிட்டது என்று இரண்டு பேருமே நினைத்திருக்கலாம்.

திமுகவை ஏன் விட்டார்?

1976 ஜனவரி 31 அன்று நெருக்கடி நிலையின்போது திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. 1977 மக்களவைத் தேர்தலிலும் கட்சிக்குப் பலத்த அடி. தலைமை மீது பழைய மனக்கசப்பு இருந்தவர்கள் வாய் திறக்க அதுதான் நேரம். நெடுஞ்செழியன் விலகி மக்கள் திமுக என்று தனிக்கட்சி கண்டார். அது தாக்குப்பிடிக்கவில்லை. அந்த ஆண்டே அதிமுகவோடு இணைந்தது. அவர் விட்டுப்போன பொதுச்செயலாளர் பதவிக்கு அன்பழகன் வந்தார், 2020இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பழைய தோழர்கள் இருவரில் ஒருவர் இரண்டாம் இடத்தை மனநிறைவோடு ஏற்றார், இன்னொருவர் ஏற்கவில்லை.

எம்ஜிஆர் ஆட்சியில் என்ன பொறுப்பு?

1980 முதல் நிதி அமைச்சர். 1982இல் சத்துணவுத் திட்டம் பெரிய அளவில் தொடங்கியபோது அதற்குக் காசு கண்டுபிடிக்க வேண்டிய துறை இவரிடம். எம்ஜிஆர் அமைச்சரவையில் முடிவுகள் அவர் வீடான ராமாவரம் தோட்டத்தில் எடுக்கப்பட்டன, மற்றவர்கள் நிறைவேற்றினார்கள். மறுத்துப் பேசாத, ஆனால் நிர்வாகம் தெரிந்த மூத்தவர் ஒருவர் அந்த ஏற்பாட்டுக்கு நன்றாகவே பொருந்தினார்.

1984இல் அவர் முதல்வராக இருந்தார் என்கிறார்களே?

இல்லை. இதையும் சேர்த்து எண்ணுவதால்தான் தற்காலிக முதல்வராக மூன்று முறை இருந்தார் என்று சிலரும், இரண்டு முறை என்று சிலரும் எழுதுகிறார்கள். 1984 அக்டோபரில் எம்ஜிஆர் சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டு, பிறகு அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். அவர் உயிரோடு இருந்தார், முதல்வராகவும் தொடர்ந்தார். முதல்வரின் இலாகாக்களை மட்டும் நெடுஞ்செழியன் கவனித்தார். எம்ஜிஆர் இங்கே இல்லாமலேயே டிசம்பரில் தேர்தல் நடந்து, ஆண்டிபட்டியில் அவர் வென்று, 1985 பிப்ரவரியில் திரும்பிவந்து பதவியேற்றார். அதுவரை ஆட்சி தள்ளாடாமல் நடந்தது. நெடுஞ்செழியனைப் பாராட்ட ஒரே ஒரு காலகட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டது, இரண்டு தேர்தல், தலைவர் கடல் கடந்து படுக்கையில். பதவி ஆசை மட்டுமே உள்ள ஒருவர் அந்த மாதங்களில் ஏதாவது செய்து பார்த்திருப்பார்.

1987இல் என்ன நடந்தது?

டிசம்பர் 24 அன்று எம்ஜிஆர் இறந்தார். மறுபடி நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வர். இந்தத் தடவை இரண்டு வாரம். கட்சி எம்ஜிஆரின் மனைவி ஜானகி பக்கம், ஜெயலலிதா பக்கம் என்று இரண்டாகப் பிளந்தது. ஆர்.எம். வீரப்பன் ஜானகிக்குப் பின்னால் நின்றார், பெரும்பான்மை எம்எல்ஏக்களும் அங்கேதான். நெடுஞ்செழியன் ஜெயலலிதா பக்கம் போனார். 1988 ஜனவரி 7 அன்று ஜானகி முதல்வரானார். நம்பிக்கை வாக்கெடுப்பு நாளில் சட்டமன்றத்தில் நடந்த ரகளைக்குப் பிறகு அந்த ஆட்சி கலைக்கப்பட்டது. மொத்தமே 23 நாள்.

1969இல் எதிரே நின்றவர் கட்சியைக் கட்டிவைத்திருந்த கருணாநிதி. 1987இல் எதிரே நின்றவர் அரசியல் அனுபவமே இல்லாத ஜானகி. இரண்டு தடவையும் முடிவு ஒன்றுதான். எதிராளி யார் என்பதில் விஷயம் இல்லை, இவர் பின்னால் எத்தனை பேர் என்பதில்தான் இருந்தது.

நால்வர் அணி என்பது என்ன?

நெடுஞ்செழியன், பண்ருட்டி ராமச்சந்திரன், செ. அரங்கநாயகம், சு. திருநாவுக்கரசு. ஜெயலலிதாவுக்குத் துணை நின்று, பிறகு 1988இல் அவரோடு முரண்பட்டு வெளியே வந்தவர்கள். “உதிர்ந்த ரோமங்கள்” என்று ஜெயலலிதா இவர்களைச் சொன்னதாக இன்றும் மேடைகளில் நினைவுபடுத்துவார்கள். 1989 ஜனவரித் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. நெடுஞ்செழியன் மயிலாப்பூரில் நின்று தோற்றார். திமுக ஆட்சிக்கு வந்தது. பிளந்த அதிமுக ஒன்றானது, தலைவி ஜெயலலிதாதான் என்பது உறுதியானது.

அப்படிச் சொன்னவரின் அமைச்சரவையிலேயே சேர்ந்தாரா?

சேர்ந்தார். கட்சிக்குத் திரும்பி, 1991இல் தேனியில் வென்று, 1996 வரை ஜெயலலிதாவின் நிதி அமைச்சர். அமைச்சரவை வரிசையில் மறுபடியும் இரண்டாவது பெயர். எழுபது வயதைத் தாண்டியவர், தன்னைவிட ஏறக்குறைய முப்பது வயது இளையவரின் தலைமையில்.

இதைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். தன்மானம் பேசிய இயக்கத்திலிருந்து வந்தவர் இப்படி வளையலாமா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. தனிக்கட்சி கண்டு பார்த்தார், நடக்கவில்லை. தனி அணி சேர்த்துப் பார்த்தார், வைப்புத்தொகையைப் பற்றிப் பேச வேண்டிய நிலை. தன் பலம் எவ்வளவு என்று இரண்டு முறை அளந்து பார்த்தவர் மூன்றாம் முறை வீம்பு பிடிக்கவில்லை. யாருக்கும் ஆபத்தில்லாதவர் என்பதால்தான் நான்கு முதல்வர்களும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆபத்தானவராக இருந்திருந்தால் சம்பத் போல வெளியே போயிருப்பார், அல்லது கருணாநிதி போல மேலே போயிருப்பார்.

சட்டத்தில் ‘தற்காலிக முதல்வர்’ என்று ஒரு பதவி உண்டா?

அரசியலமைப்பில் அப்படி ஒரு பதவி தனியாக இல்லை. முதல்வரை நியமிப்பது ஆளுநர். முதல்வர் இறந்துபோனால் அவர் தலைமையிலான அமைச்சரவையும் முடிந்ததாகவே கொள்வது வழக்கம். இடைவெளி விழாமல் இருக்க மூத்த அமைச்சருக்குப் பிரமாணம் செய்துவைத்து, பிறகு ஆளும் கட்சி தன் சட்டமன்றத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். டெல்லியில் நேரு இறந்தபோதும் சாஸ்திரி இறந்தபோதும் குல்சாரிலால் நந்தா இதே போல இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 13 நாள், பிரதமராக இருந்தார்.

இப்போதெல்லாம் இந்த இடைக்கட்டமே தேவைப்படுவதில்லை. 2016இல் ஜெயலலிதா இறந்த இரவே ஓ. பன்னீர்செல்வம் நேரடியாக முதல்வராகப் பதவியேற்றுவிட்டார்.

பன்னீர்செல்வத்தை இவரோடு ஒப்பிடுவது சரியா?

பாதி சரி. இருவருமே மற்றவருக்காக நாற்காலியைக் காத்தவர்கள். ஆனால் பன்னீர்செல்வத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஜெயலலிதா, 2001இலும் 2014இலும் தன் சொந்த முடிவாக. நெடுஞ்செழியனை அந்த இடத்தில் உட்காரவைத்தது பட்டியல் வரிசை. அதோடு, 2017இல் பன்னீர்செல்வம் எதிர்த்து நின்று பார்த்தார். நெடுஞ்செழியன் பதவியில் இருந்தபடி அப்படி எதையும் செய்ததில்லை.

எழுத்தாளராகவும் அறியப்பட்டவரா?

திருக்குறளுக்கு உரை எழுதியிருக்கிறார். எளிய தெளிவுரை. இன்றும் கடைகளில் கிடைக்கும், அவர் அரசியலைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள்கூட வாங்குகிறார்கள். தன் வாழ்க்கை நினைவுகளையும் எழுதினார். பேச்சு நடை அண்ணா பாணி அடுக்குமொழி. ஆனால் அண்ணாவின் நகைச்சுவை குறைவு, தமிழாசிரியர் சாயல் அதிகம்.

எப்போது இறந்தார்?

2000 ஜனவரி 12, சென்னையில். வயது 79. 2020இல் நூற்றாண்டையொட்டித் தமிழக அரசு சென்னையில் சிலை வைத்தது. அப்போது ஆட்சியில் அதிமுக.

வி.ஆர். நெடுஞ்செழியன் என்பவரும் இவரும் ஒருவரா?

ஒருவர்தான். ஆங்கிலப் பட்டியல்களில் வி.ஆர். என்று இருக்கும், தமிழில் இரா. என்று எழுதுவார்கள். ஆசீவகம் என்ற பழைய சமயம் பற்றி ஆய்வு செய்த பேராசிரியர் க. நெடுஞ்செழியன் முற்றிலும் வேறு ஆள். தேடும்போது இரண்டு பேரின் செய்திகளும் கலந்து வரும், கவனம்.

இரா. செழியன் இவருக்கு உறவா?

உடன்பிறந்த தம்பி. நாடாளுமன்றத்தில் திமுகவின் முக்கியக் குரலாக இருந்தவர். நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கை புழக்கத்திலிருந்தே மறைந்துபோன நிலையில், தன்னிடம் இருந்த பிரதியை வைத்து 2010இல் மறுபடி அச்சிட்டவர் அவர்தான். 2017இல் இறந்தார். குடும்பத்தில் அடுத்த பிரபலம் அரசியல் பக்கமே வரவில்லை: டென்னிஸ் இரட்டையர் ஆட்டக்காரர் ஜீவன் நெடுஞ்செழியன், நாவலரின் பேரன்.